தேவகோட்டையா, மதுரையா, புதுக்கோட்டையா: மூன்று பழைய கிட்டார்களைப் பிரித்துப் பார்த்த கதை

அண்ணன் மகனுக்கு ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், என்ற ஃபெண்டர் கம்பெனியின் எலக்ட்ரிக் கிட்டார் மேல் பல வருட ஆசை. இரவல் கிட்டாரை வைத்தே காலேஜ் பேண்டில் இரண்டு வருடம் ஓட்டிவிட்டான். இப்போது காரைக்குடியைச் சுற்றித் திருவிழா இன்னிசைக் கச்சேரிகளுக்கும் கூப்பிடுகிறார்கள். புதிது வாங்கப் பணம் பத்தாது, பழையது பார்க்கலாம் என்று முடிவானதும் ஒரு மாதம் என் வாட்ஸாப்பில் கிட்டார் படமாகக் கொட்டியது. வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் மூன்று நின்றன.

ஒன்று தேவகோட்டையில். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் வைத்திருந்த ஃபெண்டர் பிளேயர் ஸ்ட்ராட், மெக்ஸிகோவில் செய்தது, 2018. கேட்ட விலை 52,000. இரண்டாவது மதுரையில், ஃபெண்டர் அமெரிக்கன் ஸ்டாண்டர்டு, 1996 என்றார்கள், 85,000. மூன்றாவது புதுக்கோட்டையில், ஒரு சர்ச்சில் வாசித்துக்கொண்டிருந்தவரின் யமஹா பசிஃபிகா 112வி, 13,000. பையனுக்கு அதில் பெரிய விருப்பமில்லை. நான்தான் பிடிவாதமாகப் பட்டியலில் வைத்திருந்தேன்.

மூன்று பேரும் போனில் முதலில் சொன்னது ஒரே வாக்கியம்: "எல்லாம் ஒரிஜினல் சார், ஒரு ஸ்க்ரூகூட மாத்தல."

காரைக்குடியில் இந்த வாக்கியத்தைக் கேட்டுச் சிரிக்கக்கூடியவர்கள் ஒரு தெரு நிறைய இருக்கிறார்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பாகம் பிரிந்து இடிபட்ட வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி என்று வாசல்வரை அடைத்துக் கிடக்கும். அங்கே கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எனக்குப் பழக்கம். கிட்டாரில் எத்தனை கம்பி என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் எந்தச் சாமானைக் கொடுத்தாலும் முதல் காரியமாகக் கவிழ்த்துப் பார்ப்பார்.

ஒரு நாள் அவர் கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் மரப்பெட்டி கொண்டுவந்தார். பித்தளைப் பூட்டு பளபளவென்று அழகாக இருந்தது. அண்ணன் பூட்டைப் பார்க்கவே இல்லை. பூட்டைச் சுற்றியிருந்த மரத்தை விரலால் தடவினார். பூட்டின் தகட்டைவிட அரை அங்குலம் பெரிய வட்டத்தில் மரம் வெளிறிப்போயிருந்தது. "பழைய பூட்டு இதவிடப் பெருசு தம்பி. அதோட நிழல் இன்னும் இங்கயேதான் இருக்கு" என்றார். எனக்கு உடனே கிட்டாரின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் ஞாபகம் வந்தது. அங்கே சுருதி சேர்க்கும் திருகான ட்யூனரை மாற்றியவர்கள் விட்டுப்போகும் தடமும் இதேதான்: புது ட்யூனரின் விளிம்புக்கு வெளியே பழையதின் அச்சு, மரத்தூளும் பசையும் வைத்து அடைத்த ஒரு சின்னத் திருகுத் துளை. வாடா, இவரையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று பையனிடம் சொன்னேன்.

எது மாறினால் விலை மாறும்

போகும் முன் எதற்குக் கவலைப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று எங்களுக்குள் ஒரு வரம்பு போட்டுக்கொண்டோம். கம்பி மாறித்தான் ஆகும். கம்பியைத் தாங்கும் நட், கேபிள் செருகும் ஜாக், ஸ்விட்ச், வால்யூம் குமிழின் அடியில் இருக்கும் பாட் இவையெல்லாம் தேய்கிற சாமான். டயர் மாற்றிய பைக்கை யாரும் குறை சொல்வதில்லை. ட்யூனரை நல்லதாக மாற்றியிருந்தால் வாசிக்கிறவனுக்கு லாபம்தான், சேகரிக்கிறவனுக்குத்தான் நஷ்டம். ஆனால் நெக் (கழுத்து), பாடி (உடல்), பெயிண்ட், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இந்த நாலும் வேறு கணக்கு. நாம் கொடுக்கிற பணம் பெரும்பாலும் இவற்றுக்குத்தான் போகிறது. இவற்றில் ஒன்று மாறியிருந்தாலும் அது வேறு கிட்டார், அதற்கு வேறு விலை.

ரொம்பப் பழைய கிட்டார் என்றால் இந்த வரம்பும் செல்லாது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954ல் வந்தது. 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனி சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முந்தையது என்று சொல்லி விற்றால் ஒரு திருகாணி, ஒரு ஈயப் பற்று மாறியிருந்தால்கூட விலை இறங்கும். அந்த உலகம் நமக்கில்லை. இருந்தாலும் அங்கே பயன்படுத்தும் ஒரு வித்தை நமக்கும் உதவும். அமெரிக்க வால்யூம் பாட்டின் முதுகில் ஏழு இலக்க எண் ஒன்றைப் பதித்திருப்பார்கள். 1379615 என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று, அதாவது 137, சிடிஎஸ் கம்பெனி. அடுத்த இரண்டு 1996. கடைசி இரண்டு அந்த வருடத்தின் 15ஆம் வாரம். பழைய பாட்களில் ஆறே இலக்கம் இருக்கும், வருடத்துக்கு ஒரே இலக்கம்தான். இந்த எண் கிட்டாரின் பிறந்த தேதியைச் சொல்லாது, அந்தத் தேதிக்கு முன்னால் கிட்டார் பிறந்திருக்க முடியாது என்று மட்டும் சொல்லும். பாட்டை யாராவது மாற்றியிருந்தால் அதுவும் சொல்லாது. அதனால் பாட்டைத் தனியாக நம்பக்கூடாது, அதில் இருக்கும் ஈயப் பற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கம்பெனிப் பற்று ஒரே அளவில், மங்கலாக இருக்கும். வீட்டில் வைத்த பற்று மினுக்கும், சுற்றிலும் ஈயத்தோடு சேர்க்கும் பசையான ஃப்ளக்ஸ் கருகியிருக்கும்.

இன்னொரு வித்தையைக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரியில் வேலை பார்க்கும் நண்பர் சொல்லிக்கொடுத்தார். உலோகம் துருப்பிடிப்பதும் முலாம் பூசுவதும்தான் அங்கே பலருக்குச் சாப்பாடு. நிக்கல் முலாம் நாளாக ஆக மஞ்சள் ஓடி மங்கும். குரோமியம் மங்காது, நீலம் கலந்த பளபளப்போடு அப்படியே இருக்கும், கெட்டுப்போனால் புள்ளி புள்ளியாகக் குழி விழும். ஆக ஒரே கிட்டாரில் ட்யூனர் பனி மூடியதுபோல் மங்கி, கம்பியின் கீழ் முனையைத் தாங்கும் பிரிட்ஜ் மட்டும் நேற்று வாங்கிய எவர்சில்வர் போல மின்னினால் ஏன் என்று கேட்கலாம். ஆனால் கேள்வி கேட்கலாமே தவிர, தீர்ப்புச் சொல்லக்கூடாது. சில மாடல்களில் கம்பெனியே இரண்டு முலாமையும் கலந்து போடுவார்கள்.

யூவி டார்ச்சும் ஒன்று எடுத்துக்கொண்டோம். ரூபாய் நோட்டு பார்ப்பதற்குக் கடைகளில் வைத்திருப்பார்களே, அதேதான். பழைய நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் இருட்டில் அந்த வெளிச்சம் பட்டால் பச்சை மஞ்சளாக ஒளிரும், பின்னால் பூசிய இடம் மட்டும் கறுப்பாகத் தனியே தெரியும். எங்கள் மூன்று கிட்டாரும் பிற்காலத்துப் பாலியெஸ்டர், பாலியூரித்தேன் பூச்சு. அதில் இந்த டார்ச் அவ்வளவாக உதவாது, உடைந்து ஒட்டிய இடத்தைத் தேட மட்டும் பயன்படும். கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டார் வாங்குகிறவர்கள் கட்டாயம் எடுத்துப் போக வேண்டும், அதன் ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருப்பதால் கீழே விழுந்தால் கழுத்தில்தான் முறியும். கிப்சனில் இன்னும் இரண்டு பாருங்கள். நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடின் மூடியில் இரண்டே திருகு இருக்கும், மூன்று இருந்தால் கையை எடுத்துவிடலாம். ஓரத்தில் பைண்டிங் என்ற பிளாஸ்டிக் பட்டை ஒட்டிய நெக்கில், குறுக்கே பதித்த உலோகக் கட்டையான ஃப்ரெட்டின் இரண்டு நுனியிலும் பைண்டிங் ஒரு சிறு மொட்டுபோல் ஏறி நிற்கும். ஃப்ரெட் மாற்றியிருந்தால் பெரும்பாலும் அந்த மொட்டு போயிருக்கும். சமீப வருடங்களில் மொட்டே இல்லாமல் வந்தவையும் உண்டு என்பதால் வருடம் பார்த்துப் பேச வேண்டும். சரி, நம் கிட்டாருக்கு வருவோம்.

மதுரை: ஆறு திருகு

மதுரைக் கிட்டாரை நேரில் பார்க்க அவசியமே இருந்திருக்காது. படத்திலேயே விஷயம் இருந்தது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. ஹெட்ஸ்டாக்கில் என்6 என்று தொடங்கும் எண். 'என்' தொண்ணூறுகள், 6 என்றால் 1996. எல்லாம் பொருந்தியது. எண்ணைப் பார்த்ததும் பையன் குதித்தான். நானும் கொஞ்சம் குதித்தேன்.

ஆனால் ஸ்ட்ராட் என்பது நாலு திருகில் பாடியோடு நெக்கை மாட்டியிருக்கும் சாமான். பத்து நிமிடத்தில் கழற்றி வேறு பாடியில் மாட்டிவிடலாம். 1976க்குப் பிறகு எண் ஹெட்ஸ்டாக்குக்குப் போய்விட்டது. ஆகவே அந்த எண் நெக்கின் எண்தான், கிட்டாரின் எண் இல்லை. அமெரிக்கன் ஸ்டாண்டர்டு எண்பதுகளின் பிற்பகுதியில் வந்த நாளிலிருந்து அதன் பிரிட்ஜ் இரண்டு தடித்த கம்பங்களில்தான் நிற்கும். படத்தில் பிரிட்ஜின் முன் விளிம்பில் வரிசையாக ஆறு திருகுத் தலை! இதை நான் மதுரையில் கிட்டாரை மடியில் வைத்த பிறகுதான் எண்ணினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

பிரிக்க வேண்டாம், செட்டிங் போய்விடும் என்று முதலில் தயங்கினார்கள். ஆறு திருகைக் காட்டியதும் சரி என்றார்கள். நெக்கின் அடியில் 1996 முத்திரை சுத்தமாக இருந்தது, நெக் அசல்தான். பாடியில் நெக் உட்காரும் குழிக்குள் பெயிண்ட் கெட்டியாக ஏறியிருந்தது. பாடியின் முகப்பை மூடும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டுக்குக் கீழே பாட்கள் ஐந்து ரூபாய்க் காசுகூட இல்லாத அளவில் சின்னதாக இருந்தன, முதுகில் எண் ஏதும் இல்லை. அமெரிக்க ஸ்ட்ராட்டில் பெரிய பாட் இருக்க வேண்டும். விற்றவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு இது மூன்றாவது கை, வாங்கும்போதே யாரோ அவரிடமும் 'எல்லாம் ஒரிஜினல்' என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல நெக், ஊர் பேர் தெரியாத பாடி. 85,000க்கு இது இல்லை.

புதுக்கோட்டை: எல்லாம் இருந்தது, ஃப்ரெட் தவிர

பசிஃபிகாவைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்தது. அட்டைப்பெட்டி, பில், ஆலன் கீ எல்லாம் வைத்திருந்தார். பிக்கார்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளின் ஒரு மூலைகூட இன்னும் உரிபடவில்லை. 112வி மாடலில் டோன் குமிழைப் பிடித்து மேலே இழுத்தால் எழும்பும், இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரில் பாதிச் சுருள் மட்டும் வேலை செய்யும். இழுத்தேன், எழுந்தது, சத்தமும் மெலிந்தது. குமிழ் எழவில்லை என்றால் யாரோ சாதா பாட் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரே நொடியில் முடியும் சோதனை இது, ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம்.

ஒரிஜினல் என்ற வார்த்தைக்கு மூன்றில் இது ஒன்றுதான் முழுத் தகுதி. ஆனால் முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி பட்டுப் பட்டு நகத்தால் கீறியதுபோல் பள்ளம் விழுந்திருந்தது. பல வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜி, சி, டி கார்டு பிடித்ததன் அடையாளம். கம்பியை இழுத்து வாசித்தால் பள்ளத்தின் விளிம்பில் தட்டி 'கிர்' என்றது. ஃப்ரெட் மாற்றினால் அது 'ஒரிஜினல்' இல்லை, மாற்றாவிட்டால் வாசிக்க முடியாது. எந்த வாங்குகிறவனும் மாற்றவே சொல்வான். விலையில் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டாலும் இது நல்ல பேரம்தான். பையன் முகத்தைப் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்கு சித்தப்பா" என்றான், சாப்பாடு நன்றாயிருக்கிறதா என்று கேட்டால் சொல்வதுபோல.

தேவகோட்டை

தேவகோட்டைக்குப் பழம்பொருள் கடை அண்ணனும் வந்தார். பெரிய வீட்டின் முகப்பில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஜமக்காளம் விரித்து கிட்டாரைப் படுக்க வைத்தோம். கூரான ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைக்கக்கூடாது என்று வீட்டம்மா சொன்னது நியாயம். கல்லில் கீறல் விழுந்தால் கிட்டார் விலையைவிட அதிகமாகப் பேச்சு வாங்க வேண்டியிருக்கும்.

முதலில் கழற்றாமல் பார்க்கக்கூடியவை. ஹெட்ஸ்டாக்கில் எம்எக்ஸ்18, அதாவது மெக்ஸிகோ, 2018. பிரிட்ஜ் இரண்டு கம்பத்தில், ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சேடில்கள் வளைத்த தகட்டில். ஃப்ரெட் 22. இதை ஏன் எண்ணினேன் என்றால், பிளேயர் வரிசைக்கு முன்னால் மெக்ஸிகோவில் வந்த ஸ்டாண்டர்டு ஸ்ட்ராட்டில் 21 ஃப்ரெட்தான். பழைய ஸ்டாண்டர்டு நெக்கை இதில் மாட்டியிருந்தால் எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும். நெக்கின் மேல் விரல் வைக்கும் பலகையைப் பற்றி விற்கிறவர் விளம்பரத்தில் 'ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு' என்று போட்டிருந்தார்.

அண்ணன் கட்டைவிரலை நாக்கில் தொட்டு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்குக் கீழே மரத்தில் தேய்த்தார். ஈரம் பட்ட இடம் செம்பழுப்பாக, கொஞ்சம் ஆரஞ்சாகத் தெரிந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது தோதகத்தி இல்ல தம்பி."

தோதகத்தி என்பதுதான் ரோஸ்வுட், சில ஊரில் ஈட்டி என்பார்கள். செட்டிநாட்டு நாற்காலி, ஊஞ்சல், பீரோ எல்லாவற்றிலும் நாற்பது வருடமாகப் பார்த்த மரம் அவருக்கு. "தோதகத்தின்னா கருக்கல் அடிக்கும், இப்படிச் செம்பட்டை அடிக்காது. துளை துளையா விரல்ல தட்டுப்படும். இது வழுவழுன்னு இருக்கு. வேற ஏதோ சீமை மரம்."

பையன் என் காதோரம் வந்து, "நெக்க மாத்திட்டாங்களா சித்தப்பா?" என்றான். விற்கிறவர் முகமும் வெளிறியது.

உண்மையில் அண்ணன் சொன்ன அந்தக் குறைதான் நெக் அசல் என்பதற்கு நல்ல சாட்சி. 2017 ஜனவரியில் சைட்டீஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை ரோஸ்வுட் இனம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏற்றியது. அந்த மரம் உள்ள கிட்டாரை விற்பனைக்கு எல்லை தாண்டி அனுப்பக் காகிதம் வேண்டியிருந்தது. மெக்ஸிகோவில் செய்யும் கிட்டார்களுக்கு ஃபெண்டர் பாவ் ஃபெர்ரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கொடுத்தார்கள், ஆனால் 2018ல் வந்த பிளேயர் ஸ்ட்ராட்டில் கறுப்பு ஃபிங்கர்போர்டு என்றால் அது பாவ் ஃபெர்ரோதான். ரோஸ்வுட் இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். விற்றவர் தெரியாமல் ரோஸ்வுட் என்று எழுதியிருக்கிறார், அவ்வளவே. இதை விளக்கியபோது அண்ணனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், ஒரு போலியைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்திருந்தார்.

அப்புறம் மல்டிமீட்டர். கிட்டாரைத் திறக்காமலேயே பிக்கப்பை விசாரிக்க இதைவிட எளிய வழி இல்லை. சாதாரண கிட்டார் கேபிளை ஜாக்கில் செருக வேண்டும். கேபிளின் மறுமுனையின் நுனியில் மீட்டரின் ஒரு ஒயர், உடலில் இன்னொரு ஒயர். மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, வால்யூமை முழுதாகத் திருப்பி, ஸ்விட்சை ஒவ்வொரு இடமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். சாதா ஸ்ட்ராட் பிக்கப் ஐந்தரையிலிருந்து ஏழு கிலோ ஓமுக்குள் காட்டும். இரண்டு பிக்கப் சேரும் இடத்தில் ஏறக்குறைய பாதியாகும். ஒன்று கவனம்: செம்புக் கம்பியின் தடை வெப்பத்தில் ஏறும், ஒரு டிகிரிக்கு நூற்றுக்கு 0.39 வீதம். கம்பெனி 20 டிகிரியில் 6.0 என்று எழுதியதை நம்மூர் சித்திரை வெயிலில் 38 டிகிரியில் அளந்தால் 6.4 வரும். அதைப் பார்த்து யாரையும் திருடன் என்று சொல்லிவிடக்கூடாது.

நெக் பிக்கப் 6.3. நடுவில் 6.4. ஸ்விட்சைக் கடைசிக்குத் தள்ளினேன்.

13.6.

மறுபடி அளந்தேன். அதேதான். பிரிட்ஜ் பக்கப் பிக்கப்பைச் சில மாடல்களில் கூடுதலாகச் சுற்றுவார்கள், ஆனால் இப்படி இரண்டு மடங்கு வராது. மேலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே வெள்ளை மூடி, ஒரே ஆறு காந்தப் பொட்டு. பிரிக்கலாமா என்று கேட்டேன், விற்கிறவரும் ஆர்வமாகிவிட்டார். கம்பியைத் தளர்த்திக் கழற்றி, பிக்கார்டின் பதினொரு திருகையும் எடுத்துத் திருப்பினோம். இரண்டு பிக்கப்பின் ஒயரும் ஒரே ரகம். மூன்றாவதில் தடித்த கறுப்பு உறைக்குள் ஐந்து ஒயர், ஸ்விட்சில் குண்டு குண்டாக மினுக்கும் ஈயம். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு சுருள் வைத்துச் செய்த 'ஸ்டாக்' வகைப் பிக்கப். அவர் மூடியைப் பார்த்தே வாங்கியிருக்கிறார், உள்ளே பார்த்ததில்லை. "சிங்கப்பூர்ல ஒரு பையன்கிட்ட வாங்கினேன் சார், அவன் ஒண்ணும் சொல்லல" என்றார். பழைய பிக்கப் பையில் இல்லை.

மற்றதெல்லாம் சரியாக இருந்தது. நெக்கையும் கழற்றிப் பார்த்தோம், குழி சுத்தம், ஒட்டிய தடமில்லை. திரும்ப மாட்டும்போது அண்ணன் என் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொண்டார். மரத்தில் திருகைத் திரும்பப் போடும்போது நேரே முறுக்கக்கூடாது, முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்ற வேண்டும், பழைய மரையில் 'டக்' என்று விழும், அதன் பிறகுதான் வலப்பக்கம். இல்லாவிட்டால் புது மரை வெட்டி, நாலைந்து தடவையில் துளை செத்துவிடும். பர்மா தேக்குக் கதவுக் கீல்களில் கற்றது. பழைய கிட்டார்களில் நெக் ஆடுவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பொறுமை இல்லாததுதான் என்பது என் எண்ணம்.

கணக்குப் போட்டபோது

திரும்பி வரும் வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து பேசினோம். மதுரை கழிந்தது. மிச்சம் இரண்டு: முழுக்க ஒரிஜினலாக, ஃப்ரெட் தேய்ந்து, 13,000க்கு ஒன்று. ஒரு பிக்கப் மாறி, மற்றதெல்லாம் நல்ல நிலையில், 52,000க்கு ஒன்று.

என்னைக் கேட்டால் பசிஃபிகா. பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் இருப்பது வசதி, ஃப்ரெட் வேலைச் செலவைச் சேர்த்துப் பார்த்தாலும் மிச்சப் பணத்தில் ஒரு நல்ல ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கலாம். கேட்கிறவன் காதுக்கு ஆம்ப்தான் முதலில் போகிறது, கிட்டார் இரண்டாவது. இதைப் பையனிடம் சொன்னேன். அவன் டீ கிளாஸைச் சுற்றிக்கொண்டே இருந்தான். எனக்கும் இருபது வயதில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு.

"அவர் விலை குறைப்பாரா?" என்றான் கடைசியில்.

இங்கேதான் பிரித்துப் பார்த்ததற்குப் பலன். 'ஒரிஜினல் இல்லை' என்று பொதுவாகச் சொல்லியிருந்தால் வாக்குவாதம்தான் வந்திருக்கும். பிரிட்ஜ் பிக்கப் மாறியிருக்கிறது, பழையது இல்லை, பின்னால் நாங்கள் விற்கும்போதும் இதையே சொல்ல வேண்டியிருக்கும் என்று குறிப்பிட்டுச் சொன்னதால் தேவகோட்டைக்காரரும் குறிப்பிட்டுப் பேசினார். மாற்றிய பிக்கப் மட்டமானது இல்லையே என்றார், அதுவும் உண்மைதான். நான் 45,000 என்றேன். 46,500ல் முடிந்தது. ஒரு காகிதத்தில் எம்எக்ஸ் எண்ணையும், எந்தப் பிக்கப் மாறியிருக்கிறது என்பதையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்தக் காகிதம் கிட்டார் பையின் முன் ஜிப்புக்குள் இருக்கிறது.

புதுக்கோட்டைக்காரருக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்ல எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அடுத்த வாரமே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம்.

பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழாச் சமயத்தில் பையனுக்கு ஒரு கச்சேரி கிடைத்தது. மேடைக்கு இரண்டு பக்கமும் சீரியல் செட், தலைக்கு மேல் ட்யூப் லைட், பின்னால் ஜெனரேட்டர். நெக் பிக்கப்பைப் போட்டதும் ஆம்பிலிருந்து 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் 'ம்ம்ம்' என்று பாட்டுக்கு முன்னால் வந்து நின்றது. ஒற்றைச் சுருள் பிக்கப்பின் பிறவிக் குணம் அது. இரண்டு சுருளும் எதிரெதிராக இரைச்சலை அடித்துக்கொள்வதால் ஸ்டாக் பிக்கப்பில் அது வராது. பையன் ஸ்விட்சைப் பிரிட்ஜ் பக்கம் தள்ளினான். மூன்று மணி நேரமும் அதைத் தொடவே இல்லை.